தீட்டும் சுத்தமும்: பள்ளிகளில் மாதவிடாய்ச் சுகாதாரக் கல்வியின் மொழி குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் வளரிளம் பெண்களுக்கு வழங்கப்படும் மாதவிடாய்க் கல்வி பெரும்பாலும் நாப்கின் வழங்கலும் தூய்மை அறிவுரையுமாகச் சுருங்கியுள்ளது. ‘தீட்டு’ என்னும் பழங்கருத்தை இக்கல்வி நேராக எதிர்கொள்வதில்லை. ‘சுத்தம்’ என்னும் சொல்லின் வழியாக அக்கருத்து வகுப்பறைக்குள் தொடர இது அறியாமலேயே இடம் தருகிறது. மாதவிடாயைக் குறிக்கும் தமிழ்ச் சொற்கள், இலக்கியப் பதிவுகள், பூப்புச் சடங்கு, நலத்திட்ட அளவீடுகள், பாடநூலில் இப்பொருள் இடம்பெறும் காலம் ஆகியவற்றைக் கொண்டு இக்கட்டுரை அதனை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மாதவிடாய், தீட்டு, சுத்தம், வளரிளம் பருவம், பாடநூல், பூப்புச் சடங்கு, புது யுகம் திட்டம்.

முன்னுரை

2025ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் கோயம்புத்தூர் மாவட்டத்தில் தனியார் பள்ளி ஒன்றின் எட்டாம் வகுப்பு மாணவி, மாதவிடாய்க் காலத்தில் இருந்தார் என்பதற்காக, ஆண்டுத் தேர்வை வகுப்பறைக்கு வெளியே படிக்கட்டில் அமர்ந்து எழுத நேர்ந்தது. அவர் பட்டியலினச் சமூகத்தைச் சேர்ந்தவர். தாய் பதிவுசெய்த காணொளி பரவியதை அடுத்துப் பள்ளி முதல்வர் பணியிடைநீக்கம் செய்யப்பட்டார். காவல்துறையும் வழக்குப் பதிந்தது. தனியே அமரவைக்குமாறு கேட்டது வீட்டாரே என்னும் விளக்கமும் செய்திகளில் வெளிவந்தது. அந்த விளக்கம் எவ்வளவு சரியானது என்பது சட்டம் தீர்மானிக்க வேண்டியது. அது ஏற்கத்தக்க விளக்கம் என்று ஒரு கல்விக்கூடம் கருதியதே திறனாய்வுக்கு உரியது. தனியே அமர்தல் என்னும் வீட்டு வழக்கத்தைப் பள்ளி ஒரு கோரிக்கையாகப் பெற்று, அதற்குப் படிக்கட்டை இடமாக ஒதுக்கியிருக்கிறது.

அம்மாணவி பயின்ற வகுப்பும் கருதத்தக்கது. தமிழ்நாட்டுச் சமச்சீர்க் கல்விப் பாடத்திட்டத்தில் வளரிளம் பருவமடைதல் பற்றிய அறிவியல் பாடம் எட்டாம் வகுப்பில்தான் உள்ளது. பருவமடைதலின் உடல் மாற்றங்களும் இயக்குநீர்களின் செயலும் மாதவிடாயும் பேசப்படும் அதே கல்வியாண்டின் இறுதித் தேர்வு அது. பாடம் இல்லாத இடத்தில் நிகழ்ந்த விலக்கம் என்று இதனைக் கொள்ள இயலாது. அப்பாடம் இருந்தும் எதைத் தொடாமல் விட்டது என்று கேட்க வேண்டியிருக்கிறது.

சொற்களின் சுமை

தமிழில் மாதவிடாயைக் குறிக்கும் சொற்கள் மிகப் பல. பூப்பு, மாதவிலக்கு, மாதவிடாய், தூமை, தீட்டு, தூரம், வீட்டுக்குத் தூரம், வீட்டுவிலக்கு என நீளும் வரிசையில் உடலின் நிகழ்வைக் குறிப்பவை சில; பெண் இருக்க வேண்டிய இடத்தைக் குறிப்பவையே மிகுதி. ‘தூரம்’ என்பது நேராகவே இடைவெளியின் பெயர். ‘விலக்கு’ என்பது ஒதுக்கலின் பெயர். ஒரு சிறுமி தன் உடலில் நிகழ்வதைத் தாயிடம் சொல்ல வாய்திறக்கும்போதே, தான் எங்கே நிற்க வேண்டும் என்பதையும் அச்சொல் அவளுக்குச் சொல்லிவிடுகிறது.

‘மாதவிடாய்’ இவற்றினின்று வேறுபட்டது. விடாய் என்பதற்குத் தாகம், களைப்பு என்பன பொருள். மாதந்தோறும் வரும் அயர்வு என்று உடலின் பக்கம் நின்று பேசும் சொல் இது. பாடநூல்களும் அரசு ஆவணங்களும் இன்று இதனைப் பெரிதும் ஆள்வது வரவேற்கத்தக்கதே. ஆயினும் பாடநூலின் சொல் வீட்டின் சொல்லை அகற்றிவிடவில்லை. மாணவி தேர்வில் எழுத ஒரு சொல்லையும் வீட்டில் வாழ ஒரு சொல்லையும் வைத்திருக்கிறாள். தோழியரிடையே ‘பீரியட்ஸ்’ என்னும் ஆங்கிலச் சொல் வழங்குவதை நாகரிக மோகம் என்று ஒதுக்குவது எளிது. தாய்மொழியில் சுமையற்ற சொல் கைக்கு எட்டாததால் அயல்மொழியில் தஞ்சம் புகுதல் என்றும் அதனைப் படிக்கலாம்.

‘தீட்டு’ தனித்து நோக்கத்தக்கது. தீண்டு என்னும் வினையோடு தொடர்புடைய இச்சொல் சாவுக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் மாதவிடாய்க்கும் சாதி சார்ந்த தீண்டுதலுக்கும் பொதுவாக வழங்கியது. வெவ்வேறான இந்நிலைகளை ஒரே விலக்க இலக்கணத்துக்குள் கொண்டுவந்தது இச்சொல்லே. படிக்கட்டில் அமரவைக்கப்பட்ட மாணவியின் நிகழ்வில் பால், சாதி ஆகிய இரண்டில் எது காரணம் என்று பிரித்தறிய முற்படுவோர், இரண்டும் ஒரு சொல்லுக்குள் நெடுங்காலம் சேர்ந்து இருந்ததை மறந்துவிடலாகாது.

சுத்தம் என்னும் இருபொருட்சொல்

சுகாதாரக் கல்வி ‘தீட்டு’ என்னும் சொல்லைப் பயன்படுத்துவதில்லை. அதன் இடத்தில் ‘சுத்தம்’ வருகிறது. அந்நாள்களில் சுத்தமாக இருக்க வேண்டும் என்பது ஆசிரியையும் செவிலியரும் சுகாதாரப் பணியாளரும் ஒருமுகமாகச் சொல்லும் அறிவுரை. சொல்பவர் கருதுவது கிருமி, ஈரம், தொற்று, தோல் புண். இவை உண்மையான இடர்களே. நெடுநேரம் மாற்றாத துணியும் நன்கு உலராத துணியும் உடலுக்குத் தீங்கு செய்யும்.

கேட்பவள் வரும் வீட்டிலோ இச்சொல்லுக்கு வேறொரு வாழ்வு உண்டு. மூன்று நாள் கழித்துத் தலைக்குக் குளித்த பின்பே பெண் ‘சுத்தமானாள்’ என்பது அங்கு வழக்கு. பூசையறைக்கும் ஊறுகாய்ச் சாடிக்கும் சுத்தம் தேவை. ஆகவே ‘சுத்தமாக இரு’ என்பதை அவள் ‘நீ இப்போது சுத்தமாக இல்லை’ என்று கேட்டால் அது கேட்டவளின் பிழையன்று. மருத்துவத் தூய்மையும் சடங்குத் தூய்மையும் தமிழில் ஒரே சொல்லைப் பங்கிட்டுக்கொள்கின்றன. இவ்விரண்டையும் பிரித்துக் காட்டாத பாடம், தீட்டுக்கு அறிவியலின் ஒப்புதலைத் தேடித் தந்துவிடும் அபாயம் உள்ளது. வெளியேறுவது ‘கெட்ட இரத்தம்’ என்னும் பரவலான நம்பிக்கை இவ்வாறே நிலைக்கிறது. கருப்பையின் உட்படலம் இரத்தத்தோடு உதிர்ந்து வெளிவருவதில் நச்சு ஏதுமில்லை. அது உடலின் மற்ற இரத்தத்தினும் இழிந்ததும் அன்று. இதனைச் சொல்லாமல் துடைக்கும் முறையையும் கழுவும் முறையையும் மட்டும் சொல்லும் கல்வி, அழுக்கு ஒன்று இருக்கிறது என்பதை முன்முடிவாக ஏற்றுக்கொண்டு தொடங்குகிறது.

உலக அளவிலும் இச்சொற்பூசல் நிகழ்ந்துள்ளது. உலக சுகாதார நிறுவனம் 2022 சூனில் வெளியிட்ட அறிக்கையில், மாதவிடாயைச் சுகாதாரச் சிக்கலாக அன்றி உடல்நலம், மனித உரிமை ஆகியவற்றின் பொருளாகக் கொள்ள வேண்டும் என்று வலியுறுத்தியது. தமிழில் ‘மாதவிடாய்ச் சுகாதாரம்’ என்பதிலிருந்து ‘மாதவிடாய் நலம்’ என்பதற்கு நகர்வது வெறும் கலைச்சொல் மாற்றமாக இராது. சுத்தத்தை விட்டு நலத்துக்குச் செல்லும் அந்நகர்வு பாடத்தின் தொடக்கப் புள்ளியையே மாற்றும்.

வெயிலில் உலர்த்துதல் பற்றிய அறிவுரை இங்குத் தக்க சான்று. துணியைச் சவர்க்காரமிட்டு அலசி நல்ல வெயிலில் உலர்த்த வேண்டும் என்பது சுகாதாரக் கையேடுகளில் தவறாது காணப்படுவது. சரியான அறிவுரை. ஆனால் வெயில் விழும் கொடி வீட்டு முற்றத்திலோ மாடியிலோ அனைவர் பார்வையிலும் இருக்கிறது. அத்துணி எவர் கண்ணிலும் படலாகாது என்று கற்பிக்கப்பட்ட பெண் அதனைப் பிற துணியின் அடியிலோ குளியலறை மூலையிலோதான் உலர்த்துவாள். கூச்சத்தைப் பேசாத பாடத்தில் வெயிலைப் பற்றிய அறிவுரை பயன்படாது. மருந்துக்கடைக்காரர் நாப்கின் பொதியைச் செய்தித்தாளில் சுற்றிக் கறுப்புப் பையில் இட்டுத் தருவது இதே பாடத்தின் கடைவீதி வடிவம்.

இலக்கியத்தில் கேட்பவர் யார்

தமிழ் மரபு மாதவிடாயைப் பேசாமல் இருந்தது என்று கூறுதல் பொருந்தாது. தொல்காப்பியக் கற்பியல், பரத்தையிற் பிரிந்த தலைவன் பூப்புத் தோன்றியபின் பன்னிரு நாள் தலைவியை நீங்கியிருத்தல் அறமன்று என்கிறது. அங்குப் பூப்பு மகப்பேற்றுக்குரிய காலக்கணக்காகவே நிற்கிறது. புறநானூற்றின் 299ஆம் பாடலில் பொன்முடியார், முருகன் கோட்டத்தில் கலங்களைத் தொடாது ஒதுங்கி நிற்கும் மகளிரைப் போர்க்களத்துக் குதிரைகளுக்கு உவமையாக்குகிறார். வழிபாட்டு இடத்தில் விலகி நிற்கும் வழக்கம் சங்க காலத்திலேயே உவமையாகும் அளவுக்கு அறியப்பட்டிருந்தது என்பதற்கு இது சான்று. பிற்காலத்தில் சிவவாக்கியர் இதனைத் தலைகீழாக்கினார். தூமை என்று வெறுக்கப்படுவதே உடலாகத் திரள்வது எனின், அவ்வுடலைக் கொண்டு ஆசாரம் பேசுவோரின் தூய்மை எங்கே உள்ளது என்பது அவர் வாதத்தின் சாரம்.

சிவவாக்கியரின் கூர்மை வியக்கத்தக்கது. எனினும் அவர் எதிரில் நிறுத்திப் பேசுவது ஆசாரம் பேசும் ஆடவரை. மாதவிடாய் அவ்வாதத்தின் கருவி; மாதவிடாய் கொண்டவள் அதனைக் கேட்பவள் அல்லள். இலக்கணத்தில் தலைவனுக்கு, புறப்பாட்டில் போர்க்களத்தைக் காண்போருக்கு, சித்தர் பாடலில் வேதியருக்கு எனச் செய்தி சென்றிருக்கிறது. முதல் குருதியைக் கண்டு திகைக்கும் சிறுமியை நோக்கி எவரும் பேசவில்லை.

அவளைக் கேட்பவளாகவும் சொல்பவளாகவும் தமிழ்ப் புனைவில் நிறுத்திய படைப்புகளுள் அம்பையின் ‘அம்மா ஒரு கொலை செய்தாள்’ சிறுகதை முதன்மையானது. பருவம் என்றால் என்ன என்று கேட்கும் மகளுக்குத் தாய் விளக்கம் தருவதில்லை. மகள் ஓடியாடும் சிறுமியாகவே இருந்துவிட வேண்டும் என்னும் விழைவை மட்டும் வெளியிடுகிறாள். நிகழ்வு நேரும்போது தாய் ஊரில் இல்லை. மகள் அவள் வரவுக்காகக் காத்திருக்கிறாள். திரும்பிவந்த தாயின் வாயிலிருந்து ஆறுதலுக்கு மாறாகச் சலிப்பான ஒரு சொல் வெளிப்பட, அதுவே தலைப்பிலுள்ள கொலையாகிறது. கதையை அழகு, நிறம், திருமணச் சந்தை ஆகியவற்றின் விமர்சனமாகப் படிப்பது வழக்கம். அதற்குக் கதையில் இடமும் உண்டு. கல்வி நோக்கில் படித்தால் வேறொன்று புலனாகிறது. அவ்வீட்டில் துணிக்கோ நீருக்கோ பஞ்சமில்லை. இல்லாதது முன்கூட்டியே சொல்லப்பட்ட ஒரு சொல்.

ஊரறியும் முதற்பூப்பு

தமிழ்ச் சமூகத்தின் சிக்கலை ‘மௌனம்’ என்ற ஒற்றைச் சொல்லால் விளக்கும் ஆய்வுகள் ஒன்றைக் காணத் தவறுகின்றன. முதற்பூப்பு இங்கு மறைக்கப்படுவதே இல்லை. மஞ்சள் நீராட்டு, பூப்புனித நீராட்டு விழா, தாய்மாமன் சீர், அழைப்பிதழ், சிறுமியின் படத்தோடு தெருமுனையில் பிளக்ஸ் தட்டி என ஊரே அறிய அது கொண்டாடப்படுகிறது. உளுத்தங்களியும் நல்லெண்ணெயும் முட்டையும் ஊட்டி உடலைப் பேணும் அறிவும் அதில் உண்டு. அதனை இழித்துரைக்க வேண்டியதில்லை. ஆயின் இவ்வளவு ஒலிபெருக்கிக்கு நடுவிலும் அச்சிறுமிக்கு நிகழ்ந்தது இன்னதென்று விளக்குவோர் இருப்பதில்லை. விழா அவளைப் பற்றியது, அவளுக்கானது அன்று. இரண்டாம் மாதவிடாய் முதல் அனைத்தும் மறைபொருளாகிவிடுகின்றன.

விழாவின் மறுபக்கம் குடிசை. 2018 நவம்பரில் கஜா புயல் கரையைக் கடந்த இரவில், தஞ்சாவூர் மாவட்டத்தில் பூப்பெய்தியதன் பொருட்டு வீட்டுக்கு அருகே தனிக்குடிசையில் தங்கவைக்கப்பட்டிருந்த பள்ளிச் சிறுமி, தென்னை மரம் விழுந்து இறந்தார். மதுரை மாவட்டத்தின் கூவலாபுரம் முதலிய சில ஊர்களில் மாதவிடாய்க் காலப் பெண்கள் தங்கும் ‘முட்டுத்துறை’ அண்மைக்காலம் வரை வழக்கில் இருந்து பதிவாகியுள்ளது. இவ்வூர்களின் சிறுமியரும் பள்ளிக்குச் செல்பவரே. அவர்கள் கையிலும் அதே பாடநூல் இருக்கிறது. சடங்கையும் விலக்கத்தையும் ஒரு சொல்லாலும் குறிப்பிடாத பாடநூலை, தம் வாழ்வோடு தொடர்பில்லாத வேறோர் உடலைப் பற்றிய நூலாகவே அவர்கள் படிக்க முடியும்.

நாப்கின் கணக்கு

தமிழ்நாடு அரசு 2012இல் தொடங்கிய ‘புது யுகம்’ திட்டம் ஊரகப் பகுதியின் 10 முதல் 19 வயதுப் பெண்களுக்கு விலையில்லா நாப்கின்களை வழங்கியது. நாட்டின் பிற பகுதிகளுக்கு முன்னோடியாகக் கருதத்தக்க முயற்சி இது. வறிய குடும்பத்துச் சிறுமி அந்நாள்களிலும் அச்சமின்றி வகுப்பில் அமர இது துணைசெய்தது என்பதை மறுப்பது நேர்மையாகாது. ஆறு நாப்கின்கள் கொண்ட மூன்று பொதிகள் இரு மாதங்களுக்கு ஒருமுறை என்பது அதன் அளவு. ஒரு மாதத்திற்கு ஒன்பது. நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுக என்பது உடன்வரும் அறிவுரை. நாளொன்றுக்கு மூன்று என்று மிகக் குறைத்துக் கணக்கிட்டாலும் நான்கு நாளுக்குப் பன்னிரண்டு வேண்டும். அறிவுரையும் வழங்கலும் ஒன்றையொன்று பொய்யாக்குகின்றன. இந்த எளிய கூட்டலை மாணவியர் தாமே செய்துபார்க்கிறார்கள். மாற்றும் இடைவெளியை நீட்டித்துக்கொள்வது அவர்கள் காணும் விடையாகிறது. கதவு தாழிடும் கழிப்பறையும் நீரும் பயன்படுத்தியதை அகற்றும் வழியும் இல்லாத பள்ளியில் இவ்விடைவெளி மேலும் நீளும்.

அளவீடுகளும் பொருளையே அளக்கின்றன. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 24 வயது இந்தியப் பெண்களுள் சுகாதாரமான முறைகளைப் பயன்படுத்துவோர் 2015-16இல் 57.6 விழுக்காடாக இருந்து 2019-21இல் 77.3 விழுக்காடாக உயர்ந்தனர். தமிழ்நாட்டில் இது 90 விழுக்காட்டிற்கும் மேல். சுகாதாரமான முறை என்று அங்குக் கொள்ளப்படுவது பயன்படுத்தும் பொருளின் வகையே. அலசி வெயிலில் உலர்த்திய துணி அக்கணக்கில் சேராது, நாள் முழுதும் மாற்றாத நாப்கின் சேரும். இவ்வெண்களை மட்டும் நோக்கினால் தமிழ்நாட்டில் செய்ய வேண்டியது ஏறத்தாழ முடிந்துவிட்டது. படிக்கட்டில் தேர்வெழுதிய மாணவியும் அக்கணக்கின்படி வெற்றியின் பக்கமே நிற்கக்கூடும். கோவையைச் சேர்ந்த அருணாசலம் முருகானந்தத்தின் மலிவுவிலை நாப்கின் இயந்திரம் திரைப்படங்களின் வழியாகப் பெற்ற புகழும், பொருள் கிடைத்தால் சிக்கல் தீரும் என்னும் எண்ணத்தை வலுப்படுத்தியது. இது அவரது கண்டுபிடிப்பின் குறையன்று. அதனைக் கொண்டாடியவர்கள் அதனோடு நின்றுவிட்டதன் விளைவு.

காலம் தவறிய பாடம்

முதற்பூப்பு பொதுவாகப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதை ஒட்டி நிகழ்கிறது. பத்து, பதினொன்றில் எய்துவோரும் குறைவல்லர். எட்டாம் வகுப்புப் பாடம் பலருக்கும் நிகழ்ந்து முடிந்ததன் விளக்கமாகவே வந்து சேர்கிறது. பத்தாம் வகுப்பில் சுழற்சியின் கட்டங்களும் இயக்குநீர்களும் விரிவாக வருகின்றன. அப்போது அது தேர்வு வினா.

உள்ளடக்கத்திலும் ஒரு முறைபிறழ்வு உள்ளது. 28 நாள் சுழற்சி என்பது முதிர்ந்த உடலின் சராசரி. பூப்பெய்திய முதல் ஓரிரு ஆண்டுகளில் சுழற்சி ஒழுங்கற்று இருத்தல் இயல்பு. 21 முதல் 45 நாள் வரை இடைவெளி அமையலாம், சில மாதம் வராமலும் போகலாம். வளரிளம் பெண் முதலில் அறிய வேண்டியது இதுவே. 28 என்னும் எண்ணை மட்டும் பெற்றவள் இரு மாத இடைவெளியைக் கண்டு அஞ்சுவாள், கேட்கவும் அஞ்சுவாள். வலி எவ்வளவு இயல்பு, எந்நிலையில் மருத்துவரை நாட வேண்டும் என்பதும் இவ்வாறே. 15 முதல் 19 வயது இந்தியப் பெண்களுள் 59.1 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையோர் என்கிறது மேற்குறித்த 2019-21 கணக்கெடுப்பு. பள்ளியில் வாரந்தோறும் இரும்புச்சத்து மாத்திரை தரப்படுகிறது. மாத்திரை ஒரு திட்டம், நாப்கின் இன்னொரு திட்டம். இரண்டும் ஓர் உடலைப் பற்றியவை என்று இணைத்துரைக்கும் பக்கம் பாடத்தில் வேண்டும்.

மாணவர்களை வெளியே அனுப்பிவிட்டு மாணவியரை மட்டும் அமர்த்தி நடத்தும் சிறப்பு வகுப்பைப் பற்றி ஒன்று கூறலாம். தயக்கமின்றிக் கேட்க அது வாய்ப்பளிக்கிறது என்பது உண்மை. அதுவே ஒரே வகுப்பாக இருந்துவிட்டால், வெளியே அனுப்பப்பட்ட சிறுவர்கள் அடைத்த கதவிலிருந்து தம் பாடத்தைக் கற்றுக்கொள்கிறார்கள். பாவாடையின் கறையைக் கண்டு நகைப்பவனும், பின்னாளில் தேர்வறையின் இருக்கையை முடிவுசெய்பவனும் அக்கதவுக்கு வெளியே நின்றவர்களுள் ஒருவனாக இருக்கலாம். பெண் ஆசிரியர் எவரும் இல்லாத வகுப்புகளில் நிலை இன்னும் கடினம்.

தமிழ் வகுப்பின் பங்கு

நாடு முழுமைக்குமான ஒரே சீரான கொள்கையை வகுக்குமாறு உச்சநீதிமன்றம் 2023 ஏப்ரலில் நடுவண் அரசைப் பணித்தது. கொள்கை வகுப்போர் இப்பொறுப்பை அறிவியல் ஆசிரியருக்கும் சுகாதாரத் துறைக்கும் பிரித்தளிப்பதே வழக்கம். மொழி ஆசிரியரை எவரும் நினைப்பதில்லை. தமிழாசிரியர்களும் தம்மை நினைத்துக்கொள்வதில்லை. தீட்டு என்பது உயிரியல் சொல் அன்று. கருப்பையின் படத்தை எவ்வளவு துல்லியமாக வரைந்தாலும் அச்சொல் அப்படத்தில் எங்கும் தென்படாது. தீண்டுதலோடு அதற்குள்ள தொடர்பையும், விடாய், விலக்கு என்னும் சொற்களின் வேறுபாட்டையும், சுத்தம் என்பதன் இருபொருளையும் விளக்கத்தக்க இடம் தமிழ் வகுப்பே. ஆறாம் வகுப்பிலேயே, ஆண், பெண் இருபாலாரும் அமர்ந்திருக்க, சொற்பொருள் பயிற்சியாகவே இதனைத் தொடங்க இயலும். ஆசிரியப் பயிற்சிப் பாடத்திட்டத்தில் தமிழ் கற்பித்தல் தாளில் இதற்கு இடமளிக்க வேண்டியிருக்கும்.

அம்பையின் கதை பெண்ணிய வாசிப்பிலும் உயர்கல்வி ஆய்வுகளிலும் பெரிதும் பேசப்பட்டுள்ளது. அதனை ஆராய்வோர் இருபது வயதைக் கடந்தவர்கள். பருவம் என்றால் என்ன என்று அக்கதையில் கேட்கும் சிறுமி, பள்ளியில் சேர்ந்திருந்தால், ஏழாம் வகுப்பிலோ எட்டாம் வகுப்பிலோ அமர்ந்திருப்பாள்.